நடக்காத நாள்களுக்குப் போட்ட பேர்

அந்தத் தாளில் நான்கு கையெழுத்துகள் இருந்தன. முதலாவது என்னுடையது. அதன் கீழே உடற்பயிற்சிப் பிரிவினுடையது. அதற்கும் கீழே சிறுநீரக டொக்டருடையது. கடைசியில் சத்திரசிகிச்சைப் பட்டியலைக் கவனிக்கும் தாதி மிஸ்ஸியின் கையெழுத்தும், இன்னும் ஈரம் காயாத நீல முத்திரையும்.

"அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழம, ஐயா. திங்கக்கெழமையே ரெண்டு பேரும் வார்டுக்கு வந்துருங்க" என்றார் மிஸ்ஸி.

பக்கத்தில் நின்ற என் மனைவி தாளை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். தன் சிறுநீரகம் ஒன்றை எனக்குக் கொடுக்கப்போகிறவள் அவள்தான். மிஸ்ஸி சிரித்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் மட்டும் அந்த நான்கு கையெழுத்துகளையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழேயிருந்த மூன்றும் மேலேயிருந்த ஒன்றை நம்பிப் போடப்பட்டவை. மேலேயிருந்தது பொய்.

நான் தேயிலைத் தோட்டக் கந்தோரில் முப்பத்தாறு வருடம் இருந்தவன். கடைசிப் பதினான்கு வருடம் பெரிய கிளாக்கர். எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் எத்தனை நாள் தூங்கும், எந்தக் கையெழுத்தை வாங்கிவிட்டால் மற்றவை தாமாக விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நீரிழிவென்ற சீனி வருத்தத்தில் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டிவந்தபோதுகூட, முதலில் நான் செய்த காரியம் ஒரு கோப்பு வாங்கி அதன் முதுகில் என் பெயரை எழுதியதுதான். மகளின் இரத்தம் ஒத்துவரவில்லை, மனைவியினுடையது ஒத்துவந்தது. கணவன் மனைவி என்பதற்கு விவாகப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், மனமொப்பித் தருகிறாள் என்பதற்குச் சத்தியக் கடதாசி என்று எல்லாவற்றையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே மூன்று பிரதியாக நீட்டினேன். "இப்புடி ஒரு நோயாளிய நான் பார்த்ததே இல்லீங்க" என்றார் அதே மிஸ்ஸி. அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை இப்போது சொல்லக் கூசுகிறது.

என் கோப்பில் இல்லாத தாள் ஒன்றைத்தான் அவர்கள் தந்தார்கள். தந்தவர் உடற்பயிற்சிப் பிரிவின் சிங்களப் பெண். என் மகளைவிட வயது குறைந்தவர். என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டார். தோட்டத்தில் நான் 'கிளாக்கரையா'. அதையே பொறுத்துக்கொண்டேன். அடுத்துச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒப்பரேஷனுக்கு முன்னால் நான் தேகப்பயிற்சி செய்ய வேண்டுமாம். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும். இயந்திரத்துக்காக ஊசி போடும் கையை விட்டு மற்றக் கையால் தண்ணீர்ப் போத்தலைத் தூக்க வேண்டும். தினமும் நடக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம்.

நான் சிங்களத்தில் கேட்டேன்: "மகள், நான் ஒப்பரேஷனுக்கு வந்திருக்கிறேனா, பொலிசில் சேர வந்திருக்கிறேனா?"

அவர் சிரிக்கவில்லை. என் தொடையை இரண்டு விரலால் அழுத்தினார். விரல்கள் எலும்பில் போய் நின்றன. "இங்கே இருந்த சதை எங்கே, அங்கிள்?" என்றார். "ஒப்பரேஷனை சர்ஜன் செய்வார். மறுநாள் கட்டிலை விட்டு எழும்புவதை நீங்கள்தான் செய்ய வேண்டும். புதுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்தும், எழும்ப முடியாமல் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்."

அதை என் குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டால் செய்தாயிற்று என்று நினைக்கிற தொழிலில் நரைத்தவன் நான்.

தாளில் பத்து வாரத்துக்குக் கட்டங்கள். திகதி, நடந்த நிமிடம், நாற்காலியிலிருந்து எழுந்த தடவை, மூச்சு வாங்கிய அளவு. கடைசி வாரத்தில் முப்பது நிமிடம் வர வேண்டும். காரணம் எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அப்போதே எனக்கு அந்தத் தாள் பிடிக்கவில்லை.

எங்கள் வீடு தலவாக்கலையில், ரயில் பாதைக்கு மேலே. வாசலிலிருந்தே தோட்டத்து ரோடு மலைக்கு ஏறுகிறது. முதல் வளைவில் ஒரு மதகு. முதல் நாள் அந்த மதகைத் தொட்டுவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன்; பாதி வழியில் திரும்பினேன். மணிக்கூட்டில் ஆறு நிமிடம். வீட்டுக்கு வந்து 'ஆறு' என்று எழுதினேன். அடுத்த நாளும் ஆறு. பிறகு ஏழு. பிறகு மறுபடியும் ஆறு.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்பார்கள். காலையில் பெரட்டுக்கு வந்து, பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, மலைக்குப் போய்ச் சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். வராத ஆளுக்குப் பேர் கிடையாது. ஆனால் வேண்டிய ஆளுக்கு, வராத நாளிலும் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் போட்டுவிடுகிற கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைப் பிடிப்பதுதான் என் தொழில். "நம்ம பெரிய கிளாக்கர் மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிருவாரு" என்று தொரை மற்றத் தொரைமாரிடம் சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவன் ஒரு தாளில் ஆறு, ஏழு, ஆறு என்று எழுதிக்கொண்டிருந்தேன். அரைப்பேருக்கும் காணாது.

ஒன்பது நாள் நடந்தேன். பத்தாம் நாள் மழை. 'எட்டு' என்று எழுதினேன். வானம் இடிந்து விழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, வரப்போகிற வாரம் முழுவதையும் ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் வேலை.

திறமையாகவே செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பிடித்த கள்ளப் பேர்களெல்லாம் ஒரே சீராக இருந்ததால்தான் பிடிபட்டன. ஆகவே நான் ஏற்றி இறக்கி எழுதினேன். இயந்திரத்தில் கிடக்கப்போகும் நாள்களுக்குக் குறைத்துப் போட்டேன். இரண்டு பேனை மாற்றினேன். எண்ணூறு மில்லிலீட்டருக்கு மேல் ஒரு நாளைக்கு எந்தத் திரவமும் தொடக்கூடாதென்ற ஆள் நான். குடிக்க முடியாத தேத்தண்ணியில் ஒரு கோப்பை வட்டத்தைத் தாளின் மூலைக்குக் கொடுத்தேன். பாவித்த தாள்போல் இருந்தது.

இதற்கிடையில் என் மனைவி உண்மையாகவே நடந்துகொண்டிருந்தாள். சிறுநீரகம் கொடுக்கிறவளும் கொஞ்சம் இளைக்க வேண்டுமென்று டொக்டர் சொல்லியிருந்தார். தினமும் விடிந்ததும் மதகைத் தாண்டி, மேல் மலையில் தான் இருபத்தெட்டு வருடம் ஆயம்மாவாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பரா வரைக்கும் போய்விட்டு வருவாள். கொழுந்துக்குப் போகிற பெண்கள் ரோட்டில் அவளை மறிப்பது எங்கள் வாசலுக்குக் கேட்கும்.

"என்னங்க ஆயம்மா, வெறுங்கையோட மலைக்குப் போறீங்க? கூடையக் காணோம்?"

"கிட்னிக்கு நடை பழக்குறேன்டி. நாளைக்கு அது ஐயா ஒடம்புல நடக்கணுமே!"

ஆரம்பத்தில் என்னையும் கூப்பிட்டாள். "வாங்களேன், சேந்து போவோம்."

"நீ போ. நான் பொறகு போறேன்."

சேலைக் கரை பனியில் நனைந்து அவள் திரும்பி வரும்போது நான் பேப்பரோடு உட்கார்ந்திருப்பேன். "முடிஞ்சிருச்சாங்க?" என்பாள். "முடிஞ்சது" என்பேன். அவள் தாளைப் பார்க்கக் கேட்டதே இல்லை. எழுத்து வேலையில் நான் பொய் சொல்வேன் என்று அவளுக்குத் தோன்ற வழியில்லை.

வழக்கமாக அந்த ஆஸ்பத்திரியில் தாளை மட்டும் பார்த்து விடமாட்டார்கள். தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவைத்து எத்தனை மீற்றர் என்று அளப்பார்கள். அதற்கு நான் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். அது தேவைப்படவில்லை. பத்து வாரம் முடிந்து கையெழுத்துக்காக நாங்கள் போன அன்றைக்கு, எனக்குத் தாள் தந்த பெண் லீவு. தாழ்வாரத்துக் கூரை ஒழுகி வரிசையாக வாளி வைத்திருந்தார்கள். இருபது பேரைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த வேறொரு உத்தியோகத்தர் என் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். "போம ஹொந்தாய்" என்றார், மிக நல்லது என்று. கையெழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் மற்றவையும் விழுந்தன. இதைத்தான் நான் முப்பத்தாறு வருடம் பார்த்திருக்கிறேன். ஒரு கையெழுத்து விழுந்த தாளை அடுத்தவர் வாசிப்பதில்லை. இனி ஒருவரும் என் காலைப் பார்க்கப்போவதில்லை. நேரே மேசையில் படுக்கவைத்து, அவளை வெட்டி எடுத்து எனக்குள் வைப்பார்கள். மறுநாள் "எழும்புங்கள்" என்பார்கள்.

லிஃப்டின் முன்னால் கூட்டம். "எறங்குறதுதானேங்க, படியிலயே போயிருவோம்" என்றாள் மனைவி. அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. ஏறுவதற்கு மூச்சு வேண்டும், இறங்குவதற்குத் தொடை வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினோராவது படியில் முழங்கால் மடிந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க? சீனி எறங்கிருச்சா?"

"இல்ல."

"முப்பது நிமிசம் மலையேறுற ஆளுக்குப் பதினோரு படியில என்ன வந்துச்சு?"

வாயில் எதையோ போட்டுக்கொண்டு பேசாமலிருக்கிற பிள்ளையை ஆயம்மாக்கள் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வை என் மேல் விழுந்தது.

"எத்தன நாள் நடந்தீங்க?"

"ஒம்பது."

"மிச்சம்?"

"பேர் போட்டேன்."

அவளும் படியில் உட்கார்ந்தாள். சாப்பாட்டுப் பார்சலோடு போனவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். கண்ணில் ஒற்றிய தாள் அவள் மடியில் கிடந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது அழுகை அல்ல. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தீ பிடித்ததைப் பார்த்து நிற்கிறவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"பிள்ளைக்குப் பால் குடுத்துட்டுக் கா மணி நேரம் பிந்தி மலைக்குப் போன பொம்பளைங்களுக்கு அரைப்பேரு போட்டது யாருங்க?"

"அது தொரையோட உத்தரவு."

"எழுதுன கை யாருது?"

நான் என் வலது கையைப் பார்த்தேன்.

"ஒங்கள யாராச்சும் வேலைய விட்டு நிப்பாட்டவா போறாங்க? ஒங்களுக்கு என்னத்துக்கு இந்தப் பொய்யி?"

"இப்பச் சொன்னா இந்தத் திகதி போயிரும்" என்றேன். "அடுத்தது எப்ப கெடைக்கும்னு யாருக்கும் தெரியாது. அது வரைக்கும் ஒடம்பு தாங்குமோ என்னமோ."

"சொல்லாட்டி?"

எல்லாக் கடிதத்துக்கும் பதில் வைத்திருந்தவன், அவள் மடியில் கிடந்த தாளை மடிக்கத் தொடங்கினேன்.

"செக்ரோல்ல நடக்குற ஆளுக்கு என்னால கிட்னி குடுக்க ஏலாதுங்க" என்றாள். என் முழங்காலில் உள்ளங்கையால் அடித்தாள், வலித்தது. "இந்தா, இந்தக் கால்ல நடக்குற ஆளுக்குத்தான் குடுப்பேன். ஒங்களுக்குள்ள போயிப் படுத்துக் கெடக்கவா நான் அதுக்கு மலை ஏத்திப் பழக்குனேன்? எந்திரிங்க. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

திரும்பிப் போக லிஃப்டுக்குக் காத்திருந்தோம்.

விழுந்த கையெழுத்தை எடுப்பது, வாங்குவதைவிடக் கஷ்டம். ஆறு நிமிட நடை செய்யவில்லை, செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும் மிஸ்ஸி ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "திகதி கெடைச்சதும் எல்லாருக்கும் பயம் வாறதுதாங்க ஐயா. உங்க ரெக்கோர்ட் எவ்வளவு நல்லாயிருக்கு, பாருங்க."

"அந்த ரெக்கோர்ட்ட நான் வீட்டுல உக்காந்துகிட்டு எழுதுனேன், மிஸ்."

வரிசை முழுவதும் கேட்டது. முத்திரையை எடுக்கப்போன அவர் கை அப்படியே நின்றது.

வாளிகளை ஓரமாக்கி, இரண்டு நிறக் கூம்புகளை வைத்து, என் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி, அந்த உத்தியோகத்தர் கடிகாரத்தை அழுத்தினார். முதல் சுற்றில் நன்றாகவே நடந்தேன். இவ்வளவுதானா என்றுகூடத் தோன்றியது. இரண்டாவது நிமிடத்தில் தொடை எரிந்தது. அதற்குப் பிறகு மூச்சு எனக்குச் சொந்தமில்லாததுபோல் வெளியே ஓடியது. சுவரில் சாய்ந்தேன். யாரோ நாற்காலியை முழங்காலுக்குப் பின்னால் இழுத்துவைத்தார்கள். கடிகாரத்தில் இரண்டு நிமிடமும் ஐம்பது செக்கனும்.

நான் அதிர்ந்தது அங்கேதான். தாள் பொய் என்று எனக்குத் தெரியும், எழுதியவனே நான். ஆனால் நினைத்தால் நடந்துவிடுவேன், நடக்காமல் இருக்கிறேன், அவ்வளவுதான் என்று உள்ளே எங்கோ நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். ஞாயிறு தோறும் எண்ணைக் கூட்டக் கூட்ட, கால் கூடிவிட்டதாகவே நினைத்திருக்கிறேன். மூன்று பேரை ஏமாற்றிய தாள் முதலில் என்னைத்தான் ஏமாற்றியிருந்தது.

அவர் திட்டவில்லை. தாளின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். எனக்குக் கிடைத்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக டயகமவிலிருக்கும் யாரோ ஒருவருக்கு, நாங்கள் வெளியேறும் முன்பே மிஸ்ஸி போன் எடுத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் ஹட்டனில் பஸ் மாறும்போது மனைவி ஒரு கடைக்குள் போய், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பி ஒன்றை வாங்கி வந்தாள். "இனிமே நான் எழுதுறேன்" என்றாள்.

லீவு முடிந்து வந்த உடற்பயிற்சிப் பிரிவுப் பெண் அடுத்த கிளினிக்கில் கோடு இழுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். "ஆறு என்றே எழுதியிருந்தால் ஆறிலிருந்து தொடங்கியிருப்பேனே, அங்கிள். உங்களைப் பிடிப்பதற்கு அல்ல இந்தத் தாள், எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரிவதற்கு" என்றார். எனக்குத் தெரிந்த தாளெல்லாம் ஆளைப் பிடிப்பதற்குத்தான் இருந்தன. புதிய திட்டம் காலையில் ஆறு நிமிடம், மாலையில் ஆறு நிமிடம். இயந்திர நாளில் நாற்காலிப் பயிற்சி மட்டும்.

மறுநாள் காலை வாசல் படலையில் மனைவி கொப்பியோடு நின்றாள். "பெரிய கிளாக்கரு!" என்று கூப்பிட்டாள், கங்காணி பெரட்டில் கூப்பிடுகிற அதே ராகத்தில்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். ரோட்டில் கொழுந்துப் பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"ஆள் வரலியா? பேர் இல்ல!"

"வந்திருக்கேன்" என்றேன்.

அந்த ஊர்வலத்தை விவரிக்க விருப்பமில்லை. மதகுக்கு முப்பது அடி இருக்கையில் நின்றுவிட்டேன். திரும்பி வரும்போது ஒருத்தி கேட்டாள்: "ஆயம்மா, ஐயாவுக்கு இன்னைக்கி என்னங்க?"

"அரைப்பேருடி. மதகு வரைக்கும் வரல."

"யூனியன்ல சொல்லுங்கய்யா, நாங்க இருக்கோம்!" என்று அவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒரு வயதான பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வேலைக்கு வந்த காலம் எனக்கு நினைவிருந்தது. அந்த மாதத்துச் செக்ரோலும் நினைவிருந்தது. "அரைப்பேரு எப்புடிங்கய்யா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு, என் பதிலுக்கு நிற்காமல் மலைக்குப் போனாள்.

நாற்காலிப் பயிற்சியில் இன்னும் மோசம். "பதினொண்ணு" என்பேன். "பத்துதாங்க. கடைசித் தடவ கையி ஊனுனீங்க" என்பாள். எழுதமாட்டாள். வாரக்கணக்கில் அரைப்பேர்களே விழுந்தன. காய்ச்சல் கண்ட ஐந்து நாளுக்கு ஐந்து கட்டமும் வெறுமையாகக் கிடந்தன. அந்த வெறுமையை என்னால் பார்க்க முடியவில்லை. பேனை எங்கே இருக்கிறதென்று கை தேடியது. அவள் கொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் வாரம் மறுபடியும் அந்தத் தாழ்வாரம். கூரை திருத்தியிருந்தார்கள், வாளிகள் இல்லை. கடிகாரத்தோடு நின்றது இந்த முறை எனக்குத் தாள் தந்த அதே பெண். மூன்றாவது நிமிடத்தில் நின்று மூச்சு வாங்கினேன், உட்காரவில்லை. நாற்காலி அதன் இடத்திலேயே இருந்தது. ஆறு நிமிடம் முடிந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு, எத்தனை மீற்றர் என்று கேட்டேன். சொன்னார். நான் கள்ளமாக எழுதிய முப்பது நிமிடக்காரன் நடந்திருக்கக்கூடிய தூரத்துக்கு அது எட்டாது.

"ஒப்பரேஷனுக்கு இது போதும், அங்கிள்" என்றார்.

என் மனைவிக்குச் சிங்களம் பஸ்ஸுக்கும் கடைக்கும்தான் போதும். கொப்பியைத் திறந்துவைத்துக்கொண்டு தமிழில் கேட்டாள்: "முழுப்பேரா, அரைப்பேராங்க மிஸ்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியவனாக நானே இருந்தேன். முழுப்பேர் என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன, அவற்றை யார் போட்டார் என்பதையெல்லாம் சிங்களத்தில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, யோசித்து, மூன்று விரலைக் காட்டினார். நாலில் மூன்று.

"தோட்டத்தில் முக்கால் பேர் என்று ஒன்று கிடையாது, மகள்" என்றேன்.

"இது ஆஸ்பத்திரி" என்றார்.

மனைவி 'முக்கால்' என்று எழுதிக்கொண்டாள்.

திகதி கையில் தரவில்லை. "லிஸ்ட் வந்ததும் போன் எடுக்குறேன் ஐயா" என்றார் மிஸ்ஸி. அந்த வாக்கியத்தை நானும் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது எத்தனை நாளைக்கு நீளும் என்று தெரியும். ஆகவே மறு வாரத்திலிருந்து நிரப்பப் புதுத் தாள் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெறும் தாள்.

லிஃப்டின் முன்னால் அன்றைக்கும் கூட்டம். மனைவி என்னைப் பார்த்தாள். நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். பதினோராவது படியில் அவள் என் முழங்கையைப் பிடித்தாள்; விடச் சொல்லவில்லை நான். வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினோம். இரண்டு மாடிக்கும் சேர்த்து நாற்பத்து நான்கு படி. கீழே வந்ததும் அவள் சுவரில் கொப்பியை வைத்து அதையும் எழுதினாள்.